ஆறாவது கணக்கு

அரசடியில் வாடகை வீடு. கந்தோர் என்று பலகை அடித்த பின்னும்
குசினிச் சுவரில் மஞ்சள் கறை போகவில்லை.
கணக்குப் பிரிவு அங்கேதான்.
ரவுட்டர் முன்னறையில்.
இடையில் முக்கால் முழச் சுவர்,
வைஃபை அதைத் தாண்டாது.
சம்பளம் போடும் நாளில் இன்பராணி அக்கா
மடிக்கணினியைக் குழந்தைபோல் இடுப்பில் ஏந்தி
சிக்னல் தேடிக் கிணற்றடிவரை போவார்.

ஒஸ்வல்ட் வந்து வயர் இழுத்தார்.
துளைபோடும் ஊசி இரண்டு முறிந்தது.
"வெள்ளைக்காரன்ட சுவர் எண்டா விழுந்திரிக்கும்.
இது எங்கட அப்பப்பாமார் கட்டினது" என்றார்.
எட்டு நிற இழை, பல்லால் தோலுரித்து
கவ்வியில் நெரித்தார். ஏழு விளக்குத்தான் பற்றியது.
மறுகா வெட்டி, மறுகா நெரித்து,
எட்டாவதும் பற்றியபோது
அக்கா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினார்.

என் நியமனக் கடிதத்தில்
கள ஆய்வு உதவியாளர் என்றுதான் இருக்கிறது.
பிரிண்டர் தாள் விழுங்கினால், நான்.
"நெட் இல்ல" என்று ஆறுபேரும் ஆறு விதமாகச் சொல்வார்கள்.
குரலை வைத்தே அறிவேன்
எது ரவுட்டர், எது கம்பனி,
எது காசு கட்டாத பில்.

எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தது:
நிறுவனத்தின் பெயர், ஒன்று, இரண்டு, மூன்று.
ஆபத்து, மாற்றுங்கள் என்று கூட்டம் வைத்துச் சொன்னேன்.
பணிப்பாளர் தவசீலன் அன்றே மாற்றினார்.
நான்கு சேர்த்தார்.

கார்த்திகையில் வாவி வீதிக்கு ஏறிய இரவு
பேக்கப் டிஸ்க்கைச் சோற்றுப்பெட்டியில் வைத்து
ரப்பர்பட்டி இரண்டு போட்டு
கல்லடிப் பாலத்தால் நடந்தேன்.
பெட்டிக்குள் இருபத்தேழு ஊர்க் கிணறுகள்.
ஆழம், உப்பு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம்
எல்லாம்.
குடை பாலத்தின் நடுவில் பிய்ந்து பறந்தது.
கிணறுகளை மழை நனைக்காமல் கொண்டுபோனேன்.

தை மாதம் நிஸ்மியா கட்டாருக்குப் போனாள்.
ஆறு கணக்குகளில் ஒன்று சும்மா கிடந்தது.
தலைக்கு மாதாமாதம் டொலரில் வெட்டுகிறார்கள்.
"அத அழிச்சிருங்க" என்றார் தவசீலன் சேர்.

அழிக்கும் பொத்தானுக்குச் சிவப்பு நிறம்.
முப்பது நாள் தவணை உண்டாம், மனம் மாறினால் மீட்கலாம்.
முப்பத்தோராம் நாள் ஒன்றும் மிஞ்சாது.
எங்கள் வீடுகளில் அன்றுதான் அந்தியேட்டி.
விரலை எடுத்துவிட்டேன்.
பொதுப்பெட்டியாக மாற்றினால் காசு கேட்க மாட்டார்கள்,
கடிதங்களும் அப்படியே கிடக்கும்.
சேருக்குப் பில் குறைந்தால் போதும்.

இப்போது அவளுக்கு வருவதெல்லாம் என்னிடம் வருகிறது.
விளம்பரம், பட்டறை அழைப்பு,
வாங்காத பொருளுக்கு வந்த விலைச்சிட்டை.
அவற்றுக்கு நடுவில்
கதிரவெளியிலிருந்து கனகசூரியம் என்றொருவர்.
அவள் கொடுத்த அட்டையின் முகவரிக்கு
மருமகனின் ஃபோனிலிருந்து
பறுவத்துக்குப் பறுவம் கிணற்றைப் படம்பிடித்து அனுப்புகிறார்.
வாளிக்கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சு.
"மகள், தண்ணி மூணு முடிச்சு இறங்கிட்டு."

திட்டம் முடிந்து எட்டு மாதம்.
நிதி தந்தவர்கள் வேறு நாட்டுக்கு வேறு தாகத்துக்குப் போய்விட்டார்கள்.
நான் மட்டும் அட்டவணையில் புதிய வரி சேர்க்கிறேன்,
யாரும் கேட்காத ஒரு வரி.

நேற்றுப் பதில் எழுதத் திறந்தேன்.
அடியில் தானாக விழுந்தது:
நிஸ்மியா, நீர்வள ஆய்வாளர்.
அழிக்கவா விடவா என்று தெரியாமல்
டோஹாவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்.
இரண்டு நீலக் கோடு. நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு: "என்ட பேர்லயே எழுது. உப்பையும் கேளு."

எழுதினேன். உப்பையும் கேட்டேன்.
அனுப்பு என்பதை அழுத்தவும்
குசினியிலிருந்து இன்பராணி அக்கா:
"நெட் இல்ல."

அது பில்லின் குரல்.