திறக்காத நீலம்

ஓல்டன்பர்க் நகர நூலகத்தின் கீழ்த்தளம்.
மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே
பதினொரு படங்கள்.
கூடாரத் துணியில் வரைந்தவை;
கயிறு கோத்த ஓட்டைகள்
ஓரங்களில் அப்படியே இருக்கின்றன.
நேற்று ஆணி அடித்தேன்.
இன்று மொழிபெயர்ப்பாளன்.

வரைந்தவள் பஃப்ரீன்.
கான்கே முகாமில் அவளுக்கு இது பத்தாவது குளிர்காலம்.
படங்களுக்கு அனுமதி கிடைத்தது,
முத்திரையோடு, காப்பீட்டோடு,
நனையாதிருக்க இரட்டை உறையோடு.
அவளுடைய விண்ணப்பம்
நான்காம் முறையும் திரும்பிப் போனது.
ஆகவே என் கைபேசித் திரையில்
சம்மணமிட்டு அமர்ந்து எங்களைப் பார்க்கிறாள்.
சிக்னல் போகும்போதெல்லாம்
வாய் திறந்தபடி உறைந்துவிடுகிறாள்.

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட ஒருவர் கேட்டார்:
"எல்லாப் படத்திலும் வானம் ஏன் மஞ்சள்?
போர்ப் புகையா?"
அவளிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள்.
"புகையுமில்லை மண்ணுமில்லை.
தொண்டு நிறுவனத்துப் பெட்டியில் நீலமும் இருந்தது.
எங்கள் வீட்டில் நீலம் உடுத்துவதில்லை,
தூரிகையில் தொடவும் கை வரவில்லை.
அது மயிலுடையது.
மயில் நமக்கு யாரென்று உனக்குத் தெரியும்.
அவர்களுக்குச் சொன்னாலும் சரி, விட்டாலும் சரி."

மயில் என்று மட்டும் சொன்னேன்.
நாளிதழ்ப் பெண் 'அழகு' என்று குறித்துக்கொண்டாள்.

அந்த மயிலை வணங்குவதால்தான்
சாத்தானின் பிள்ளைகள் என்றார்கள் எங்களை.
நாங்கள் எண்ணி வைத்திருக்கும் கணக்கில்
இது எழுபத்து நான்காவது அழிப்பு.
இதை எந்த வாக்கியத்தில் செருகுவது,
காப்பி ஆறுவதற்குள்?

ஆறாவது படத்தின் முன்னால்
யாரும் அதிக நேரம் நிற்கவில்லை.
ஒரு பள்ளிக்கூடம். ஆளில்லை.
வாசலில் பிடுங்கிப் போட்ட கைபேசிகளின் குவியல்.
அடியில் கிடக்கும் ஒன்றில் மட்டும் வெளிச்சம்.
யாரோ அழைக்கிறார்கள்.

அந்த ஆகஸ்டில்
இதே ஊரில், ரொட்டிக் கடையின் பின்கட்டில்,
கை மாவோடு
என் அண்ணனை நாற்பது தடவை அழைத்தேன்.
முதல் நாள் மணி அடித்தது.
மறுநாள் ஒரு பெண் குரல்,
பதிவு செய்த அரபியில்,
பிறகு முயற்சிக்கச் சொன்னது.

"அழைப்பது யார் என்று கேளுங்கள்"
என்றாள் நாளிதழ்ப் பெண்.
கேட்டேன்.
"எனக்கெப்படித் தெரியும்,
எடுக்க விட்டார்களா?" என்றாள் பஃப்ரீன்.
நான் திருப்பிச் சொன்னது:
"கலைஞருக்கு நினைவில்லையாம்."
இன்றைக்கு நான் செய்த ஒரே பிழை.
தெரிந்தே செய்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.
விளக்கை அணைக்கும் முன் கேட்டாள்:
"அங்கே மழையா?"
"ஆமாம்."
"படங்கள்?"
"நனையவில்லை."
"இங்கேயும் பெய்கிறது.
நீலக் குழாய்கள் பதினான்கையும்
கூடாரத்தின் ஓரத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன்,
துணி பறக்காமலிருக்க.
நல்ல கனம்."

பிறகு, திரை உறைவதற்குச் சற்று முன்:
"அடுத்த பெட்டியில்
மஞ்சளை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்."