மூன்று சதுரம்

குத்தாயிசியில் இறங்கியதிலிருந்து
சிக்னல் இருக்க வேண்டிய மூலையில்
ஒரு சின்னப் பெருக்கல் குறி.
ஏரோபிளேன் மோடைப் போட்டேன், எடுத்தேன்.
அணைத்தேன், எழுப்பினேன்.
ரியோனி ஆற்றுப் பாலத்தின் நடுவே நின்று
போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.
கீழே தூண்டில் போட்டிருந்தவர்
தனக்குத்தான் என்று நினைத்துக் கையசைத்தார்.

நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கலாமாம்.
மூன்று பெயர்கள் வந்தன.
மூன்றையும் தட்டினேன்.
மூன்றும் ஒரே மரியாதையோடு மறுத்தன.

தோஹாவில் விமானம் மாறும்போது
அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன்:
பணத்தை மார்ச்சுக்குத் தள்ளலாமா?
அவனுக்கு வாட்ஸ்அப் ஆகாது, எஸ்எம்எஸ்தான்.
கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது.
பதில் எந்த ஊர்க் கோபுரத்தைச்
சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

சந்தைக்கு இறங்கும் சுரங்கப்பாதையில்
குடையும் கடிகார பேட்டரியும் போன் உறையும் விற்கும் கடை.
பெயர் லம்ஸீரா என்று பிறகு சொன்னாள்.
அவளுக்கு ஜார்ஜியனும் ரஷ்யனும்,
எனக்கு இரண்டும் இல்லை.
பெருக்கல் குறியைக் காட்டினேன்.
"அரா," என்றாள். இல்லை என்று அர்த்தம்,
அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காதிலிருந்து ஒரு கம்மலைக் கழற்றினாள்.
அதன் கம்பியால் குத்தினாள்; தட்டு நாக்கை நீட்டியது.
என் சிம்மைப் பிளாஸ்டிக் சட்டத்தில் அழுத்தி
தன் பழைய பட்டன் போனுக்குள் போட்டாள்.
அவளுடையதை என்னுடையதில்.

இரண்டுமே வேலை செய்தன.

அதாவது என் சிம் குற்றமற்றது,
என் போனும் குற்றமற்றது,
சேர்த்து வைத்தால் மட்டும் பேசாது.
இப்படி ஒரு தம்பதியை எனக்குத் தெரியும்.
சொல்ல மொழியில்லாமல் தப்பித்தேன்.

அப்போது என் போன் அடித்தது.
முப்பத்தொன்பதில் தொடங்கும் எண்.
லம்ஸீரா பிடுங்காத குறையாக வாங்கி
"தம்தா!" என்றபடி குடைகளுக்குப் பின்னே போனாள்.
பாரி, பாரி என்று இரண்டு முறை காதில் விழுந்தது,
இத்தாலியின் துறைமுகம்.
என் போனுக்குள் ஒரு மகள்
நான்கு நிமிடம் அழுதாள், அல்லது சிரித்தாள்.
அந்த மொழியில் வித்தியாசம் தெரியவில்லை.

கவுண்டரில் அவளுடைய போன் அதிர்ந்தது.
கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு. அண்ணன்.
திறந்தேன்.

□□□

அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது.
ஒரு கொம்புக்கு ஒரு சதுரம், ஒரு காலுக்கு ஒரு சதுரம்,
புள்ளிக்குக்கூட முழுச் சதுரம்.
விரல் விட்டு எண்ணினேன்.
முடியாது என்றால் எட்டு. வேண்டாம், அதுவும் எட்டு.
ஆகவே அவை இல்லை.
சரி என்பது மூன்று.
இரு என்பதும் மூன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
சிம்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு
என் செட்டிங்ஸில் நான் போகாத ஒரு அறைக்குப் போனாள்.
4ஜி மட்டும் என்று நான் என்றோ பூட்டியிருந்தேன்.
விருந்தாளிக்கு இந்த ஊர் தருவது 2ஜி.
உச்சாணிக் கிளையிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது,
ஏணி கீழே சாய்த்து வைத்திருக்க.
இறக்கினாள்.
ஒரு கோடு. இன்னொரு கோடு.
"கார்கி," என்றாள்.

ஜார்ஜியாவுக்கு வரவேற்பு வந்தது.
வங்கியிலிருந்து ஒரு கழிவு வந்தது.
அண்ணனுடையது வரவில்லை.
ஒருமுறை கொடுத்த கடிதத்தைத்
தபால்காரர் மறுபடி கொடுக்க மாட்டார்.
அது அவளுடைய போனில் இருக்கிறது,
குடைகளுக்கு நடுவே, மூன்று ஜன்னல்களாய்.

காசு வாங்க மறுத்தாள். குடை ஒன்று வாங்கினேன்.

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.
இரண்டு கோடு போதும் அதற்கு.
பாலத்தில் நின்று அழைப்புப் பட்டியலைத் திறந்தேன்.
மேலே அவன் பெயர் இல்லை;
பாரியிலிருந்து வந்த எண், நான்கு நிமிடம் பதினோரு நொடி.
தூண்டில்காரர் இன்னும் அங்கேயே இருந்தார்.
இந்த முறை நான் முதலில் கையசைத்தேன்.