கோல்கீப்பர் திங்கட்கிழமை வருகிறான்

எண்பத்தேழாவது நிமிடம்வரை
மழை மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது,
இரண்டு அணிக்காகவும்.

பிறகு அந்தக் கார்னர்.
உதைத்தவனே வெட்கப்படும்படி ஓர் உதை.
மலையிலிருந்து இறங்கிய காற்று
அதை வாங்கித் திருத்தி எழுதியது.
எங்கள் மாக்சன் எகிறினான்.
கையுறையில் பட்ட சத்தம்
தகரக் கூரைக்கடியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது,
ஈரத்துணியைக் கல்லில் ஒருமுறை அறைந்தாற்போல.
பந்து அவன் தோளைத் தாண்டி
அவசரமே இல்லாமல் கோட்டைக் கடந்தது.

வந்த ஊர்க்காரர்கள் முப்பது பேர்,
முந்நூறு பேரின் கூச்சல்.
நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
டெய்ஃபியன் மட்டும் பையை மென்றுகொண்டிருந்தார்
நிறுத்த மறந்து.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்.
எங்களுக்குக் கையில் பட்டேதான் போயிற்று.

பலகையில் எங்கள் பெயருக்கு நேராக
ஒரு சுழியம், காற்றுப்போன பந்துபோல.
எண்களை மாட்டுகிற நெரிஸ்
ஆட்டம் முடிந்தும் ஏணியில் ஏறவில்லை.
"கிடக்கட்டும். நனையட்டும்" என்றாள்,
யாரையோ தண்டிப்பதாக நினைத்து.

பப்பில் யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
கெதினின் தலை தொட்ட பந்து கம்பியில் மோதியதை
மூன்று பேர் மூன்று உயரத்தில் சொன்னார்கள்.
கொடுக்காத பெனால்டிக்காக
நடுவரின் கண், காது, கார்
மூன்றையும் சபித்தோம்.
ஒருவரும் மாக்சன் என்று சொல்லவில்லை.
அந்தப் பெயரைச் சுற்றி நடந்தோம்
ஈரத் தரையைச் சுற்றி நடப்பதுபோல.

அப்புறம் கணக்கு.
சிப்ஸ் பொட்டலத்தாளின் பின்பக்கம்,
வினிகர் ஊறாத மூலையில்:
எங்களுக்கு அறுபத்து நான்கு.
இரண்டாமிடத்துக்கு அறுபத்தாறு.
மீதி நான்கு ஆட்டம்.
அவர்களும் இன்று வெல்லவில்லை, டிரா,
அதுதான் வயிற்றெரிச்சல்.
இன்று நாங்கள் ஜெயித்திருந்தால்...
டெய்ஃபியன் பேனாவைப் பிடுங்கினார்.
"நடந்ததை எழுது."
நாங்கள் நான்கிலும் வென்று
அவர்கள் இரண்டில் தடுக்கி விழுந்தால் போதும்.
ஒன்றில் மட்டும் டிரா என்றால்
கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும்;
அங்கேயும் வந்து நிற்கிறது
அந்த எண்பத்தேழாவது நிமிடம்.

பொருளாளர் மெய்ரியன் தாளைப் பார்க்கவே இல்லை.
மேல் பிரிவுக்குப் போனால் ஐந்நூறு நாற்காலி வேண்டும்.
இருப்பது இருநூற்றுப் பத்து,
அதில் ஒன்பதில் உட்கார்ந்தால் முதுகு போகும்.
விளக்குக் கம்பங்கள் போதாது,
கழிவறை போதவே போதாது.
தோற்ற முகத்தோடுதான் இருந்தார்;
ஆனால் தோள் இரண்டும்
ஒரு அங்குலம் இறங்கியிருந்தன,
மூட்டையை வைத்தவருடையதுபோல.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
எனக்கு ஒரு பியர் வாங்கிக்கொடுத்தார்.

இவையெல்லாம் சனிக்கிழமை.
என் பிரச்சினை திங்கட்கிழமை.
வீட்டுக் கொதிகலன் புதனிலிருந்து இருமுகிறது,
ஊரில் ஒரே ஒரு ஆள்தான் அதற்கு,
எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்,
போன வாரம்,
நாங்கள் இன்னும் தோற்காதபோது.

கதவைத் திறந்ததும் என்ன சொல்வது?
காற்று என்று சொல்லலாம்.
காற்றுதான் என்று அவனே சொன்னால்
சும்மா இருக்கலாம்.
தேநீருக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்கலாம்,
பதினான்கு வயதிலிருந்தே தெரிந்திருந்தாலும்.

கருவிப்பெட்டியைத் திறப்பான்.
அதே கை.
சுவரருகே குனிந்து முள்ளைத் தட்டிப் பார்ப்பான்.
"அழுத்தம் விழுந்திருக்கு.
குறைந்தது ஒன்றாவது வேணும்" என்பான்.

நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன் போகும்போது மட்டும் கேட்க வேண்டும்:
அடுத்த சனிக்கிழமைப் பேருந்து
ஆறேகாலா, ஆறரையா.
எனக்குத் தெரியும், ஆறேகால்.
பணமும் கட்டிவிட்டேன்,
ஜன்னலோரம்.