தரைக்கு மேலே இரண்டு விரற்கடை

பள்ளத்தூரில் இறங்கி
பெட்ரோல் பங்கைத் தாண்டினால் மூன்றாவது வீடு.
வீடென்று சொல்லக்கூடாது, இப்போது கலைக்கூடம்.
பதினொரு வருஷமாக அங்கே நான்
ஓவியம் ஒன்றுக்கு நான்கு நிமிஷம் பேசுகிறவள்.

முதல் அட்டையில் கைடு என்று இருந்தது.
அப்புறம் விளக்குநர்.
போன தையிலிருந்து கற்றல் ஒருங்கிணைப்பாளர்.
பதவி இரண்டு வரிக்கு நீண்டுவிட்டதால்
என் போட்டோவைச் சின்னதாக்கினார்கள்.
சம்பளத்தில் கை வைக்கவில்லை.

காரைக்குடி ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி,
மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி.
சென்னைக்காரர் சொன்னார்:
தெரிந்ததைச் சொல்லாதீர்கள்.
என்ன தெரிகிறது என்று கேளுங்கள்,
கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.
நான் கை தூக்கினேன்,
பதினொன்றில் என்ன செய்ய, சார்?
சிரித்தார். குறித்துக்கொண்டார்.
பதில் இன்னும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை. கல்லல் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு,
முப்பத்தெட்டுப் பேர், ஒரு டீச்சர்,
அவரும் போனில்.
இரண்டாம் கட்டில் அந்தக் குடும்பப் படத்தின் முன்னால்
நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில் ஒருவன் இருமினான்.
ஆறில், எனக்கு வசனம் மறந்துவிட்டதென்று
வாட்ச்மேன் சேவுகன் கதவோரமிருந்து எடுத்துக்கொடுத்தார்,
"பர்மா தேக்கு... சட்டம் பர்மா தேக்கு..."
எட்டு.
ஒன்பதில் பூமிகா என்றொரு பிள்ளை:
"மிஸ், அந்த அக்காவுக்கு மட்டும்
காலு தரையில படல."

அந்த அக்காவை எனக்குத் தெரியும்.
இடமிருந்து நான்காவது.
தோட்டில் எத்தனை கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
காலைப் பார்க்க
நான் திரும்ப வேண்டியிருந்தது.

உண்மைதான். இரண்டு விரற்கடை உயரத்தில்,
நிழலும் இல்லாமல்.

"குதிக்கிறாங்க" என்றான் ஒருவன்.
"சேலைக்குள்ள முக்காலி இருக்கு."
"செத்தப்புறம் சேத்திருப்பாங்க,
எங்க சித்தப்பாவ ஸ்டூடியோவுல
இப்படித்தான் எங்க பக்கத்துல ஒட்டிக் கொடுத்தாங்க."
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
"காசு கம்மியா கொடுத்திருப்பாங்க,
அதான் தரை வரைஞ்சு முடிக்கல."
எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"எது சரி, மிஸ்?"

தெரியாது என்றேன்.
இடுப்பில் கட்டியிருந்த ஒலிபெருக்கி
அந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை.
உத்தரத்தில் முட்டி
யாது, யாது என்று திரும்பி வந்தது.
டீச்சர் போனிலிருந்து நிமிர்ந்தார்.

மாதாந்திரப் படிவத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.
'வழங்கிய தகவல்கள், எண்ணிக்கையில்.'
சுழி போட்டேன்.
பயந்து, அதை எட்டாக்கினேன்.
எட்டாக்குவது சுலபம், மேலே இன்னொரு சுழிதானே.

பூட்டுகிற நேரத்தில் சேவுகனிடம் சொன்னேன்.
சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டே,
"அது மிதக்குறது தெரிஞ்சதுதானே, ரெஜினாம்மா.
ராத்திரி டார்ச் அடிச்சா
மூஞ்சிக்கு முன்னால காலுதானே வரும்.
மொத்தம் ஒம்பது ஆளு, பதினேழு காலு.
ஒண்ணு நாற்காலிக்குப் பின்னால.
பதினஞ்சுதான் தரையில."

தேவகோட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.
பதினொரு வருஷம்
கூட்டத்துக்கு முகமும் படத்துக்கு முதுகுமாக நின்றிருக்கிறேன்.
என் பின்னல் எப்போது நரைத்ததென்று
எனக்கே தெரியாது.
அந்த ஒன்பது பேரைக் கேட்டால்
தேதியோடு சொல்வார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கண்டனூர்ப் பிள்ளைகள்.
சேவுகனின் டார்ச்சை வாங்கி
கைப்பையில் வைத்திருக்கிறேன்,
பேட்டரி கொஞ்சம் மங்கல்.
அவரையும் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.
டூட்டி முடிந்து தூங்கப் போகிற நேரம்தான்.
பார்க்கலாம் என்றார்.