ஐம்பத்தாறு டன்

கஃபூவே பாலத்துக்குத் தெற்கே
இரவு எடைமேடையில் நான் ஒருத்தி.
ஐம்பத்தாறு டன் வரை போகலாம்.
அதற்கு மேல் ஒரு மூட்டை என்றாலும்
பலகையில் சிவப்பு எரியும்.
எரிவதைப் பார்க்க
என்னைத் தவிர ஆளில்லை.

மேசையில் டோங்கா மொழி வேதம்,
அட்டை கிழிந்து, நாடா ஒட்டியது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
ஒரு வசனம் என்று வைத்திருந்தேன்.
சோளம் போனால் ஒன்று.
சிமெண்டு போனால் ஒன்று.
தாமிரத் தகடு போனால் இரண்டு,
பாரம் அதிகம் என்பதால்.

பிறகு என்ன ஆயிற்று?
பெரிதாக ஒன்றுமில்லை.
யாரும் வந்து என் விசுவாசத்தைப் பறிக்கவில்லை.
மகள் லுயாண்டோவின் விடுதிக் கட்டணம்,
கால் வீக்கம்,
கைபேசியில் சிரிப்புப் படங்கள்.
வேதத்தின் மேல் ரசீதுக் கட்டை வைத்தேன்.
ரசீதுக் கட்டின் மேல் தேநீர்க் கோப்பையை.

செவ்வாய் இரவு ஹமூங்கா வந்தான்,
உர மூட்டை ஏற்றிக்கொண்டு.
பலகை ஐம்பத்தெட்டு என்றது.
"போன தடவை கொடுத்தது போதாதா அக்கா?"
என்றான், பழகிய சிரிப்போடு.
என்ன கொடுத்தாய் என்றேன்.
கண்ணால் மேசையைக் காட்டினான்.

கோப்பையை நகர்த்தினேன். ரசீதை நகர்த்தினேன்.
உள்ளே ஐந்து நூறு குவாச்சா தாள்கள்.
மீன்கழுகுகள் ஐந்தும்
ஒரே பக்கம் பார்த்தபடி.

ஒன்பது நாள்.
என் முழங்கைக்குக் கீழே படுத்திருக்கிறது.
அன்று அரைத்தூக்கத்தில் கையசைத்து அனுப்பினேன்.
சிவப்பு எரிந்ததா, நான் பார்க்கவே இல்லை.
தினமும் படிக்கிறவள், அன்றே பார்த்துவிடுவாள்
என்று நம்பித்தான் அங்கே வைத்திருக்கிறான்.
என் பக்தியை இன்னும் நம்பிய ஒரே மனிதன்
எனக்கு லஞ்சம் கொடுத்தவன்.

உள்ளே ஒரு குரல் பேசத் தொடங்கியது.
கொடூரமான குரல் இல்லை.
கணக்குத் தெரிந்த, நிதானமான குரல்.
இரண்டு டன்னில் சாலை செத்துவிடாது.
கட்டணத்தில் பாதி இதோ இருக்கிறது.
ஒன்பது நாள் உன்னிடம் இருந்த பணத்தை
இன்று திருப்பினால் மட்டும்
நீ சுத்தமா?

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
பணம் கிடந்த பக்கத்தைப் படித்தேன்.
தராசைப் பற்றிய வசனம் என்று நினைப்பீர்கள்.
நானும் அதைத்தான் தேடினேன்.
இருந்தது பெயர்ப் பட்டியல்.
இன்னாருக்கு மகன் இன்னார்,
அவருக்கு மகன் இன்னார்.
எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம்.
வாய்விட்டுப் படித்தேன்,
நாக்கு இடறும் பெயர்களை ஒவ்வொன்றாக.
ஹமூங்கா ஏனோ தொப்பியைக் கழற்றினான்.

பாதியில் தெரிந்தது,
இதுவும் ஒரு பதிவேடு.
எழுதியவர் ஒருவரையும் விடவில்லை.
கெட்டவனை விடவில்லை.
ஒன்றுமே செய்யாமல்
பிறந்து செத்தவனையும் விடவில்லை.
அப்படி ஒரு ஏட்டை எழுத
எத்தனை இரவு கண்விழிக்க வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
ஆண்டவரே,
நீரும் இரவு வேலைதானா?

தாள்களை அவன் சட்டைப்பையில் செருகினேன்.
ஐம்பத்தெட்டு என்று ரசீது எழுதினேன்.
அதன் கீழே
போன தடவை நான் பார்க்காமல் விட்டதையும் எழுதி
என் பெயரைப் போட்டேன். மகளின் தாய் பெயர் அல்ல,
சம்பளப் பட்டியலில் உள்ள முழுப் பெயர்:
சோல்வே முவெம்பா.
காலையில் மேலதிகாரி படிப்பார்.
என்ன ஆகுமோ.

விடியும்வரை மூட்டை இறக்கும் சத்தம்,
நாற்பது மூட்டை.
ஹமூங்கா என்னைத் திட்டிக்கொண்டேதான் இறக்கினான்.
கட்டணம் அப்படியே நிற்கிறது.
அந்தப் பக்கத்தில் டீசல் வாசம் போகவில்லை.

பாலத்தில் அடுத்த விளக்கு ஏறுகிறது.
அது வந்து சேர இரண்டு நிமிடம் ஆகும்.
விட்ட பெயரில் விரலை வைத்து
மறுபடி தொடங்குகிறேன்.