மஞ்சள் கேலிப்பர்

கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
புதுப்பேட்டைச் சந்தில்
கழற்றிச் சாய்த்த கார்க் கதவுகளுக்கு நடுவே
எத்தியோஸை நுழைத்து நிறுத்திவிட்டு
ரெஜினால்டு கேட்டான்:
"மஞ்ச அடிச்சா சூடு கொறையுமாக்கா?"

குறையாது.
"அப்ப ஏறுமா?"
ஏறாது.
"அப்ப இன்னாத்துக்குக்கா அடிக்கிறாங்க?"

சிக்னலில் நிற்கும்போது
சக்கரத்தின் இடுக்கு வழியாகப்
பக்கத்து வண்டிக்காரன் பார்ப்பதற்கு.

சிரித்துவிட்டு
மஞ்சளே இருக்கட்டும் என்றான்.
முன்னால் இரண்டு கேலிப்பர்.
பின்னால் வெறும் டிரம், அதற்கும் கேட்டான்.
"செட்டா இருக்கணும்க்கா."

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.
ஏழு வருடத்துச் சாலை உதிர்ந்தது:
துரைப்பாக்கத்துச் சேறு,
பேடு தேய்ந்து தேய்ந்து படிந்த கருந்தூள்,
எந்த மழையிலோ அப்பிய ஒரு தீப்பெட்டி அட்டை.
கிளீனர் அடித்ததும் விரலில் சட்டென ஒரு குளிர்.
அன்றைக்கு முழுவதும் எனக்குக் கிடைத்த குளிர் அதுதான்.

பிஸ்டன் ரப்பர், பிளீடர் நிப்பிள்,
பேடு உட்காரும் இடம், பின் வழுக்கும் துளை,
எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப்.
அசைய வேண்டியதன்மேல் பெயிண்ட் படக்கூடாது.
மற்றபடி மெல்லிசாக மூன்று பூச்சு.
தடிமனாக அடித்தால்
பனியனுக்குமேல் சட்டை போட்ட மாதிரி
கொஞ்சம் புழுங்கும்.
அவ்வளவே.

என் ஷெட்டின் தகரக் கூரைக்கு
மார்ச்சிலேயே வெள்ளை அடித்துவிட்டேன்.
மத்தியானத்தில் உச்சந்தலைக்குத் தெரிகிறது அந்த வெள்ளை.
இதுவும் பெயிண்ட்தான், அதுவும் பெயிண்ட்தான்.
வெயிலிடம் பேசி அனுப்பத் தெரிந்ததற்கு
உள்ளே உரசிப் பிறக்கும் சூட்டிடம்
வாயே வரவில்லை.
அதை ஓடும் காற்றுதான்
தட்டிலிருந்து வாங்கிப் போக வேண்டும்.

ஆனி முடிவதற்குள் திரும்பி வந்தான்,
வண்டியைவிடச் சூடாக.
"டூப்ளிகேட் பெயிண்ட அடிச்சி ஏமாத்திட்டியேக்கா!"
ஏலகிரிக்கு ஒரு சவாரியாம்.
பதினாலு கொண்டை ஊசி.

குனிந்து பார்த்தேன்.
வலது பக்கம் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.
இடது,
எண்ணெயில் மறந்துபோன அப்பளம்.
பழுப்பேறி, ஓரமெல்லாம் கொப்புளம்.

ஒரே டப்பா. ஒரே நாள். ஒரே கை.

"வண்டி ஒரு பக்கம் இழுக்குதா?"
யோசித்தான்.
"நைட் டியூட்டி முடிஞ்சி வரப்போ, லேசா.
ரோடுதான் சரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்."

ஜாக்கி வைத்து, நியூட்ரலில் போட்டு
சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
வலது ஒன்றரைச் சுற்று ஓடி நின்றது.
இடது, கையை எடுத்த இடத்திலேயே.

மஞ்சள் ஒரு துளி ஒட்டியிருந்தாலும்
பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்
என்று நினைத்தபடியேதான் பின்னை உருவினேன்.
வர மறுத்தது. சுத்தியல் கேட்டது.
வந்தபோது
மஞ்சள் இல்லை,
துரு.

மிதித்த காலை எடுத்த பிறகும்
அது மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது,
சிறுசேரியிலிருந்து பெரம்பூர் வரை
ஒவ்வொரு ராத்திரியும்.
பெட்ரோலை அவன் கணக்குப் பார்த்திருக்கலாம்.
அன்றைக்கே நான் ஒருமுறை
அசைத்துப் பார்த்திருக்கலாம்.
அரை நிமிட வேலை.
நான் டேப் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

புது பின், கிரீஸ், புது ரப்பர்.
கருகியதைச் சுரண்டி மறுபடி மஞ்சள்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
"இது திரும்பக் கருகினா
ஒடனே வந்து என்னத் திட்டு" என்றேன்.
அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை,
போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கிளம்பும் முன்
இடது சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தான்.
சந்தில் அப்போது சிக்னலும் இல்லை,
பக்கத்தில் நிற்கிற வண்டியும் இல்லை.