ஆறாம் நம்பர் பூட்ஸ்

கொடுங்கையூர் கிரவுண்டில்
ஐந்தேகாலுக்கு விசில்.
குப்பைமேட்டுப் புகை இறங்கிய நாளில்
ஓட்டம் கிடையாது,
நின்ற இடத்திலேயே பாஸ்.

பதிமூன்று வயதுக்குட்பட்டோர் பட்டியல்
என் கையெழுத்து.
பேனாவில் பிறந்த தேதி,
ஓரத்தில் பென்சிலால் கால் அளவு.

முப்பத்தொரு பேர். பதினாலு ஜோடி பூட்ஸ்.
ஏ டீமும் பி டீமும்
ஒரே நேரத்தில் ஆடாததற்கு
வேறு காரணம் இல்லை.

ரெக்ஸனும் இம்தியாஸும் ஆறாம் நம்பர்.
இருவரும் இடது விங்.
இவன் கழட்டினால்தான் அவன் இறங்கலாம்.

நேற்று ராயபுரத்தோடு மேட்ச்.
கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து
ரெக்ஸன் இழுக்கிறான், வரவில்லை.
இம்தியாஸ் குதிகாலைப் பிடித்து இழுக்கிறான்.
ரெஃப்ரீ வாட்ச் பார்க்கிறார்.
ஒருவழியாய்க் கழன்றது,
சாக்ஸும் கூடவே.

கட்டை விரல் நகம் கறுத்திருந்தது.
"எத்தினி நாளா கடிக்குது?"
"ரெண்டு மாசம்ணே.
சொன்னா மாத்திருவ."

இம்தியாஸ் ஓடினான். கிராஸ் வெளியே போனது.
ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம்.

ராத்திரி நோட்டைத் திறந்து
ஆறை அழித்தேன்.
ஏழாம் நம்பர் எல்லாம்
பதினைந்து வயதுக்காரர்களிடம்.
பேனா இவனுக்குப் பன்னிரண்டு என்கிறது.

இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.
ஐந்தேகாலுக்கு வருவான்,
வெறுங்காலோடு,
எனக்கு முன்னாலேயே.